கணக்கை முடித்த பிறகும் வரும் பில்

கிரெடிட் கார்டு கணக்கை முடித்துக்கொள்ள விரும்பும் வாடிக்கையாளருக்கு இந்திய ரிசர்வ் வங்கி தெளிவானதோர் உரிமையை வழங்கியிருக்கிறது. 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிடப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கார்டு விதிகளின்படி, கணக்கை முடிக்குமாறு வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டால், கார்டு வழங்கிய வங்கியோ நிதி நிறுவனமோ ஏழு வேலை நாட்களுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றத் தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். ஆனால் இந்த உரிமையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது: கணக்கில் நிலுவை எதுவும் இருக்கக் கூடாது. கார்டை விட்டு விலக முயல்வோர் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த நிபந்தனைக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. எவ்வளவு செலுத்தினால் நிலுவை தீரும் என்பது வங்கியின் கணினிக்குத் தெரிந்த அளவுக்கு வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை. அவர் தீர்ந்துவிட்டது என்று நம்பும் நாளில் இன்னும் சில நூறு ரூபாய் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது.

முதலில், கார்டு வேறு, கணக்கு வேறு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கார்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுவதும், செயலியில் அதைத் தற்காலிகமாக முடக்குவதும், பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருப்பதும் கணக்கை முடிக்கும் செயல்களாகா. பிளாஸ்டிக் அட்டை என்பது கணக்கைத் திறக்கும் சாவி மட்டுமே. சாவி தொலைந்தாலும் உடைந்தாலும் கணக்கு வங்கியின் ஏடுகளில் உயிரோடுதான் இருக்கும், ஆண்டுக் கட்டணம் வரும் மாதத்தில் அது தவறாமல் வசூலிக்கப்படும். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத கார்டைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, 30 நாட்களுக்குள் அவரிடமிருந்து பதில் வராவிட்டால், நிலுவை தீர்ந்திருக்கும் பட்சத்தில், வங்கியே அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்று மேற்சொன்ன விதிகள் கூறுகின்றன. எனினும் இதிலும் நிலுவை என்ற சொல் குறுக்கே நிற்பதால், அலமாரியில் கிடக்கும் கார்டின் மேல் ஓர் ஆண்டுக் கட்டணம் விழுந்துவிட்டால், தானாக முடிய வேண்டிய கணக்கு முடியாமலே தொடரக்கூடும்.

நிலுவை எப்படி வளர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள பில் சுழற்சியைக் கவனிக்க வேண்டும். பில் சுழற்சி என்பது ஒரு கணக்கு அறிக்கைக்கும் அடுத்த அறிக்கைக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ ஒரு மாதக் காலம். அறிக்கை வெளியான பிறகு பணம் செலுத்தச் சில வாரங்கள் அவகாசம் உண்டு. முழுத் தொகையையும் அந்தக் கெடுவுக்குள் செலுத்திவிடுபவருக்கு வட்டி கிடையாது. ஆனால் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளியவர் இந்த வட்டியில்லாச் சலுகையை இழக்கிறார். அவருடைய கடனுக்கு நாள்தோறும் வட்டி ஓடத் தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டாக, 20,000 ரூபாய் கடனை மாதந்தோறும் தள்ளிக்கொண்டே வந்த ஒருவருக்கு 10ஆம் தேதி அறிக்கை வருகிறது என்றும், அதில் உள்ள முழுத் தொகையையும் அவர் 28ஆம் தேதி செலுத்திவிடுகிறார் என்றும் கொள்வோம். அறிக்கையில் சொன்னதைச் செலுத்தியாயிற்று, கணக்கு தீர்ந்தது என்று அவர் கருதுவது இயல்பு. ஆனால் 10ஆம் தேதி முதல் 28ஆம் தேதி வரையிலான 18 நாட்களுக்கும் அந்த 20,000 ரூபாய் கடனாகவே இருந்தது, மாதம் 3.5 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 42 விழுக்காடு என்ற வட்டியில் அதற்கு ஏறத்தாழ 414 ரூபாயும், அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சுமார் 75 ரூபாயும் சேர்ந்து 489 ரூபாய் அடுத்த அறிக்கையில்தான் தலைகாட்டும். பின்தொடரும் வட்டி என்று இதைச் சொல்லலாம். கார்டை வெட்டிப் போட்டுவிட்டு, மின்னஞ்சலைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்ட ஒருவருக்கு இந்த 489 ரூபாய் கண்ணில் படுவதே இல்லை. கெடு கடந்ததும் அதன் மீது தாமதக் கட்டணமும், அக்கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி.யும், மீண்டும் வட்டியும் ஏறுகின்றன. சில மாதங்கள் கழித்து வசூல் முகவரின் தொலைபேசி அழைப்பு வரும்போது, மூல வட்டியை விடக் கட்டணங்களே பெரிதாகியிருக்கும்.

இந்த வட்டி விகிதத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறதா என்ற கேள்வி இங்கு எழுவது இயல்பே. கிரெடிட் கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. ஆகவே விகிதம் அதிகம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வாதாடும் வழி பெரிதும் அடைபட்டுவிட்டது. ஆனால் விதிக்கப்படும் முறையைக் கேள்வி கேட்கும் வழி திறந்தே இருக்கிறது, வாடிக்கையாளருக்கு உண்மையில் பயன்படுவதும் அதுதான். கெடு நாள் கடந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். அதுவும் கெடுவுக்குப் பின் செலுத்தப்படாமல் எஞ்சிய தொகையை அடிப்படையாகக் கொண்டே இருக்க வேண்டும், அறிக்கையிலிருந்த மொத்தத் தொகையை அடிப்படையாகக் கொள்ளக் கூடாது. செலுத்தப்படாத கட்டணங்களையும் வரிகளையும் கடனோடு சேர்த்து அவற்றின் மீது வட்டிக்கு வட்டி போடுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. கார்டு வழங்கும்போது வெளிப்படையாகச் சொல்லாத, வாடிக்கையாளர் சம்மதிக்காத எந்தக் கட்டணத்தையும் பின்னாளில் புகுத்தக் கூடாது. இலவசக் கார்டு என்று சொல்லித் தரப்பட்டதில் மறைமுகக் கட்டணமும் இருக்கக் கூடாது. பழைய அறிக்கைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு கட்டணமும் எந்த நாளில், எந்தத் தொகையின் மீது விழுந்தது என்று தாளில் எழுதிப் பார்த்தால், நிலுவையின் எந்தப் பகுதி நியாயமானது, எந்தப் பகுதி விதிகளுக்குப் புறம்பானது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆண்டுக் கட்டணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாண்டு இலவசம் என்று சொல்லப்பட்டதை என்றைக்கும் இலவசம் என்று புரிந்துகொண்டவர்கள் ஏராளம். கார்டு விற்க வந்தவர் வாய்மொழியாகச் சொன்னதும், ஒப்பந்தத்தில் முக்கிய நிபந்தனைகள் என்ற தலைப்பில் அச்சாகியிருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்வதற்கில்லை. கட்டணங்களை மாற்றுவதாக இருந்தால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும். மாற்றம் தமக்குப் பாதகமானது என்று கருதி அவர் கார்டைத் திருப்பித் தர முன்வந்தால், நிலுவையைத் தீர்த்துக்கொள்ள வேண்டுமே தவிர, கணக்கை முடிப்பதற்கென்று கூடுதல் கட்டணம் எதையும் அவரிடம் வாங்கக் கூடாது. கேட்காமலே அனுப்பப்பட்ட கார்டின் கதை இன்னும் எளிது: அப்படி ஒரு கார்டை அனுப்பிக் கட்டணமும் விதித்த வங்கி, அந்தக் கட்டணத்தை உடனே திரும்பப் பெற்றுக்கொள்வதோடு, அதைப் போல் இரு மடங்கு தொகையை அபராதமாக வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கேட்டு வாங்கிய கார்டாகவே இருந்தாலும், 30 நாட்களுக்கு மேல் அது இயக்கப்படாமல் இருந்தால், வங்கி ஒருமுறைக் கடவுச்சொல் மூலம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் கிடைக்காவிட்டால் எந்தச் செலவும் வைக்காமல் கணக்கை முடித்துவிட வேண்டும்.

நிலுவைக்குள் அடங்கும் வேறு சில செலவுகள் நியாயமானவையாகவும் இருக்கலாம். பெரிய பொருளை வாங்கி மாதத்தவணையாக மாற்றியவர் கணக்கை முடிக்கக் கேட்டால், மீதித் தவணைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் கேட்கப்படும், முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணமும் ஒப்பந்தப்படி சேரும். திரைப்படத் தளம், நாளிதழ், காப்பீடு போன்றவற்றுக்கு மாதந்தோறும் தானாகப் பணம் போகும்படி கார்டில் ஏற்பாடு செய்திருந்தால், கடைசி அறிக்கை வந்த பிறகும் அவற்றில் ஒன்று புதிய கடனாகப் பதிவாகலாம். ஆகையால் இந்த ஏற்பாடுகளை வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டு, ஒரு முழுச் சுழற்சிக் காலம் கார்டைத் தொடாமல் இருந்து, அடுத்த அறிக்கையில் எஞ்சியிருப்பதையும் செலுத்திய பிறகு விண்ணப்பிப்பதே சச்சரவு குறைந்த பாதை. சேர்த்துவைத்த வெகுமதிப் புள்ளிகளையும் அதற்கு முன்பே பயன்படுத்திவிட வேண்டும், கணக்கோடு சேர்ந்து அவை பொதுவாக மறைந்துவிடும்.

விண்ணப்பம் எந்த நாளில், எந்த வழியில் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்று வைத்திருப்பது மிக முக்கியம். தொலைபேசி உதவி எண், தனி மின்னஞ்சல் முகவரி, இணையதளத்தில் கண்ணில் படும்படியான இணைப்பு, இணைய வங்கிச் சேவை, கைபேசிச் செயலி ஆகிய பல வழிகளை வாடிக்கையாளருக்கு வங்கி திறந்துவைக்க வேண்டும். கடிதமாக எழுதித் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்பது போன்ற, தாமதத்தை உண்டாக்கும் நிபந்தனைகளை விதிக்கக் கூடாது. இருப்பினும் தொலைபேசி வழி சிக்கலானது. கஸ்டமர் கேரில் பேசுபவரின் முதல் வேலை வாடிக்கையாளரைத் தக்கவைப்பதாகவே இருக்கும். ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், கூடுதல் புள்ளிகள் தருகிறோம், வேறு கார்டுக்கு மாற்றித் தருகிறோம் என்று அவர் அடுக்கும் சலுகைகளுக்கிடையே ‘சரி, பார்க்கலாம்’ என்று மரியாதைக்குச் சொன்ன சொல்லையே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகப் பதிவு செய்துவிட முடியும். எனவே மின்னஞ்சலிலோ செயலியிலோ விண்ணப்பிப்பதும், தொலைபேசியில் சொன்னால் புகார் எண்ணை வாங்கிக்கொண்டு அன்றே அதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புவதும் பாதுகாப்பானவை. அந்த மின்னஞ்சலில் கணக்கை முடிக்க வேண்டும் என்பதோடு, இன்றைய நாளில் மொத்தம் எவ்வளவு செலுத்த வேண்டும், இனி ஏறவிருக்கும் வட்டி ஏதேனும் உண்டா என்ற கேள்வியும் இடம்பெற வேண்டும். வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க வருபவருக்கு, எந்தத் தேதியில் எவ்வளவு செலுத்தினால் கடன் முடியும் என்று வங்கி எழுத்தில் தருகிறது. கிரெடிட் கார்டுக்கும் அத்தகைய இறுதித் தொகைக் கடிதத்தைக் கட்டாயமாக்கினால், இக்கட்டுரையில் சொல்லப்படும் தொல்லைகளில் பாதிக்கு மேல் தோன்றவே தோன்றா.

இனி, வங்கி சொல்லும் இறுதித் தொகையில் நியாயமற்ற கட்டணம் ஒன்று சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வாடிக்கையாளர் ஒரு தர்மசங்கடத்தில் மாட்டிக்கொள்கிறார். செலுத்த மறுத்தால் நிலுவை இருக்கிறது என்று கூறி வங்கி கணக்கைத் திறந்தே வைத்திருக்கும், நாளொன்றுக்கு 500 ரூபாய் என்ற இழப்பீட்டு விதியும் செயல்படாது, தாமதக் கட்டணங்களும் வளரும். செலுத்தினால் அந்தக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டதாகப் பொருள்படுமோ என்ற அச்சம். தொகை சில நூறோ சில ஆயிரமோ ஆக இருக்கும்போது, ஆட்சேபத்துடன் செலுத்துவது என்ற முறை பெரும்பாலும் அறிவுடையது: இந்தக் கட்டணத்தை ஒப்புக்கொள்ளவில்லை, கணக்கை முடிப்பதற்காக மட்டுமே செலுத்தப்படுகிறது, திரும்பப் பெறும் உரிமை விட்டுக்கொடுக்கப்படவில்லை என்று எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செலுத்தினால், நிலுவை என்ற தடை விலகுகிறது, ஏழு வேலை நாள் கெடு ஓடத் தொடங்குகிறது, பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கும் உயிரோடிருக்கிறது. தொகை பெரிதாக இருந்தாலோ, வாடிக்கையாளர் செய்யாத பரிவர்த்தனையிலிருந்து அது முளைத்திருந்தாலோ செலுத்தாமல் எதிர்ப்பதே முறை. பில் தவறு என்று புகார் செய்தால் 30 நாட்களுக்குள் வங்கி விளக்கமும் தேவையான ஆவணச் சான்றும் தர வேண்டும். மோசடி என்று எதிர்க்கப்பட்ட பரிவர்த்தனையின் மீது, தகராறு தீரும்வரை எந்தக் கட்டணமும் விதிக்கக் கூடாது.

இந்தக் கட்டத்தில் வசூல் முகவர் முன்வைக்கும் ‘செட்டில்மென்ட்’ என்ற சமரசத்தைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. 6,000 ரூபாய் கேட்டவர், 2,500 கொடுத்தால் கணக்கை முடித்துவிடலாம் என்று இறங்கி வரும்போது, அது வெற்றியாகத் தோன்றும். ஆனால் கடன் வாங்கியவர் முழுத் தொகையைச் செலுத்த இயலாமல் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டார் என்ற பொருளில் ‘செட்டில்டு’ என்ற குறிப்பு அவருடைய கடன் வரலாற்றில் ஏறிவிடலாம். பின்னாளில் வீட்டுக் கடனோ கல்விக் கடனோ கேட்டுச் செல்லும்போது, ஒரு தவறான கட்டணத்துக்காக நேர்ந்த சமரசம் என்பதை அந்தக் குறிப்பு சொல்லாது. தவறான கட்டணத்தைக் குறைக்கச் சம்மதிக்கும் வங்கி, அதைக் கட்டணத் திருப்பமாகக் கணக்கில் வரவு வைத்து, நிலுவையில்லை என்றே கணக்கை முடிக்க வேண்டும் என வற்புறுத்துவதே சரி. முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் உத்தரவே. செலுத்தத் தவறியவர் என்று கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிப்பதற்கு முன் வங்கி ஏழு நாள் அவகாசம் கொடுத்து அறிவிக்க வேண்டும், தகராறு நிலுவையிலிருக்கும்போது அப்படித் தெரிவிப்பதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும் என்பதும் விதிகளில் உண்டு.

நாளொன்றுக்கு 500 ரூபாய் என்ற இழப்பீடு எதற்காக இவ்வளவு முக்கியம் என்பதை இங்கே சற்று நின்று பார்க்கலாம். சிறு கட்டணங்கள் நிலைத்திருப்பதற்குக் காரணம் அவை சிறியவை என்பதே. சில நூறு ரூபாயைத் திரும்பப் பெறுவதற்காக ஒரு நாள் கூலியை இழந்து, பத்து முறை தொலைபேசியில் காத்திருந்து, நாலு கடிதம் எழுதும் மனிதர் அரிது. ஒவ்வொருவரும் ‘போகட்டும்’ என்று விட்டுவிடும் அந்தத் தொகைகள் சேர்ந்து பெருகுகின்றன. எதிர்ப்பதற்கான செலவு எதிர்க்கப்படும் தொகையை விட அதிகமாக இருக்கும்வரை நியாயம் யார் பக்கம் இருந்தாலும் பணம் ஒரே பக்கமாகத்தான் பாயும். தாமதத்துக்கு நாள் கணக்கில் விலை வைத்த இந்த விதி அந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. கெடு முடிந்து 20 நாட்கள் கணக்கை இழுத்தடித்தால் 10,000 ரூபாய்; வேலை நாட்களை மட்டும் எண்ணாமல், ஞாயிறும் விடுமுறையும் சேர்த்தே இந்தத் தாமத நாட்கள் கணக்கிடப்படுகின்றன. வருத்தத்துக்குரியது என்னவென்றால், இந்தத் தொகை தானாக வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. விண்ணப்பித்த நாள், நிலுவை தீர்ந்த நாள், கணக்கு முடிந்த நாள் ஆகிய மூன்றையும் காட்டி, விதியைச் சுட்டி, எழுத்தில் கேட்பவருக்கே அது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வங்கிக்குப் புகார் செய்து 30 நாட்களாகியும் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் நிறைவளிக்காவிட்டால், ஒம்புட்ஸ்மன் என்று அறியப்படும் குறைதீர்ப்பாளரை அணுகலாம். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் தனித்தனியாக இருந்த திட்டங்களை ஒன்றிணைத்து 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ஏற்பாடு இது. வாடிக்கையாளர் எந்த ஊரிலிருந்தும் ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம்; கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். நேரடி இழப்பைத் தவிர, வீணான நேரத்துக்கும் அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியே ஒரு லட்சம் ரூபாய் வரை வழங்க 2021ஆம் ஆண்டுத் திட்டம் குறைதீர்ப்பாளருக்கு அதிகாரம் அளித்தது. முதலில் வங்கியிடம் புகார் செய்யாமல் நேரே இங்கு வந்தால் மனு தள்ளப்படும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மற்றொரு வழி, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மாவட்ட ஆணையம். வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், தாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இந்தச் சட்டம் இடமளிக்கிறது. மதுரைக்காரர் மதுரையிலேயே முறையிடலாம். சேவைக்காகக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ஒரே பிரச்சினையை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது என்பதால், விரைவு தேவையென்றால் குறைதீர்ப்பாளரையும், பெரிய இழப்பீடும் விரிவான விசாரணையும் தேவையென்றால் ஆணையத்தையும் தேர்ந்துகொள்ளலாம்.

கணக்கு முடிந்தது என்ற குறுஞ்செய்தி வந்த பிறகும் பார்க்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. வாடிக்கையாளர் கூடுதலாகச் செலுத்தியோ, கடைக்காரர் திருப்பியனுப்பியோ கார்டுக் கணக்கில் வரவாக நின்ற பணத்தை அவருடைய வங்கிக் கணக்குக்கு மாற்றித் தர வேண்டியது கார்டு நிறுவனத்தின் கடமை. வங்கிக் கணக்கு விவரம் தம்மிடம் இல்லையென்றால் அவர்களே கேட்டுப் பெற வேண்டும். இன்னொன்று கடன் வரலாறு. கணக்கு முடிந்த செய்தியை 30 நாட்களுக்குள் கடன் தகவல் நிறுவனங்களில் பதிவு செய்ய வேண்டும். மக்கள் பொதுவாகச் சிபில் என்று சொன்னாலும், டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று இத்தகைய நிறுவனங்கள் நான்கு; ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். முடிந்த கணக்கு அங்கே இன்னும் திறந்ததாகவோ, ஏதோ சில நூறு ரூபாய் பாக்கியோடோ காட்டப்பட்டிருந்தால் திருத்தக் கோரி மனு செய்ய வேண்டும்; 30 நாட்களுக்குள் அது தீர்க்கப்படாவிட்டால், 2024 ஏப்ரல் முதல் நடைமுறையிலிருக்கும் விதிப்படி, அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். அந்த மனுவோடு இணைக்க வேண்டிய தாள்கள், விண்ணப்பித்த மின்னஞ்சலும், கடைசித் தொகையைச் செலுத்திய ரசீதும், கணக்கு முடிந்தது என்ற செய்தியுமே.